குருவைக் கும்பிடும் முறை: செட்டிநாட்டு வீட்டிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அப்பத்தா விடியற்காலையில் குளித்துவிட்டுப் பட்டாலை மூலையில் தடுக்கை விரித்து உட்காருவார். நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருக்கும். கண் மூடியிருக்கும், உதடு மட்டும் அசையும். வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் வாசலில் யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். ஒருநாள், "என்ன அப்பத்தா சொல்றீங்க?" என்று கேட்டேன். "குரு சொல்லிக் கொடுத்ததைச் சொல்றேன்ப்பா. அதை உனக்குச் சொல்லக் கூடாது. நீ பெரியவனானா உனக்கு உங்க மடத்துல சொல்வாக" என்றார்.

'உங்க மடம்' என்றதற்குக் காரணம் உண்டு. செட்டிநாட்டு நகரத்தாரில் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஆண்களுக்கு உபதேசம் பாதரக்குடி மடத்தில், பெண்களுக்குத் துலாவூர் மடத்தில் என்பது வழிவழியாக வந்த வழக்கம். அதற்குப் பின்னால் ஒரு பழைய கதையும் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தபோது அரசனோடு ஏற்பட்ட மனத்தாங்கலில் குடும்பங்கள் எல்லாம் உயிர்விட, 1502 ஆண் பிள்ளைகளை மட்டும் ஆத்மநாத சாஸ்திரிகள் என்ற குருவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளைக் குரு வளர்த்தார், அவர்கள் வழி வந்தவர்கள் நாம் என்று கேட்டே நாங்கள் வளர்ந்தோம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் குரு என்ற சொல்லுக்கு இன்றும் தனிக் கனம்.

ஆனால் முறை தெரியாமல் தயங்குகிறவர்கள் இப்போது நிறைய. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் குரு பூர்ணிமாவுக்கு முதல்நாள் போன் போட்டு, "என்ன செய்யணும், எப்படிச் செய்யணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வந்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

வரிசையை நானாகப் போடவில்லை. திருமூலர் போட்டு வைத்திருக்கிறார்:

தெளிவு குருவின் திருமேனி காண்டல்
தெளிவு குருவின் திருநாமம் செப்பல்
தெளிவு குருவின் திருவார்த்தை கேட்டல்
தெளிவு குருவுரு சிந்தித்தல் தானே.

காண்டல், செப்பல், கேட்டல், சிந்தித்தல். நம்மில் பெரும்பாலோர் முதல் படியோடு திரும்பி விடுகிறோம். மாலை போட்டோம், விழுந்து கும்பிட்டோம், திருநீறு வாங்கினோம், வந்துவிட்டோம். மற்ற மூன்றையும் சேர்த்தால்தான் அது குரு வழிபாடு.

முதல் படி: உங்கள் குரு யார்?

இதை முதலில் மனத்தில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மந்திரம் தந்து தீட்சை கொடுத்தவர் தீட்சா குரு. நூலைப் பிரித்துப் பொருள் சொன்னவர் போதக குரு. எழுத்தும் கணக்கும் கற்றுத் தந்தவர் வித்யா குரு. தீட்சை வாங்காதவர்கள், 'எனக்குக் குருவே இல்லையே' என்று வருந்த வேண்டாம். தேவாரம் சொல்லிக் கொடுத்த ஓதுவார், கையைப் பிடித்து 'அ' எழுத வைத்த வாத்தியார், எல்லோரும் அந்த வரிசையில் வருவார்கள். ஒருவருமே நினைவுக்கு வராவிட்டால் தட்சிணாமூர்த்தியைக் குருவாகக் கொள்ளலாம். கல்லால மரத்தடியில் சனகர் முதலான நால்வருக்கும் ஒரு சொல்கூடப் பேசாமல், சின்முத்திரை ஒன்றாலேயே பாடம் சொன்னவர் அவர்.

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வியாழக்கிழமை கொண்டைக்கடலை மாலையும் மஞ்சள் துணியும் நவக்கிரகத்தில் இருக்கும் வியாழ பகவானுக்கு உரியவை. அவர் தேவர்களின் குரு. தட்சிணாமூர்த்தி ஞானகுரு, சிவனே அந்த வடிவில் இருக்கிறார். இருவரையும் கும்பிடுங்கள். ஒருவருக்கு உரியதை இன்னொருவருக்குச் சாத்த வேண்டாம்.

புதிதாக ஒருவரைக் குருவாக ஏற்கப் போகிறீர்கள் என்றால் அவசரமே வேண்டாம். குருட்டினை நீக்காத குருவைக் கொண்டால் குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிக் குழியில் விழும் என்று எச்சரித்தவரும் அதே திருமூலர்தான். புத்தர் காலாமர் என்ற குலத்தாரிடம் பேசும்போது, 'இவர் நம் குரு' என்ற காரணத்துக்காக மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்றார். என் உறவில் ஒருவர், கேட்டபோதெல்லாம் நகையைக் கழற்றிக் கொடுத்து, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்ற கட்டளையையும் ஏற்றுக்கொண்டு, பல வருடம் துன்பப்பட்டார். மந்திரம் ரகசியமாக இருக்கலாம். பணமும் நடத்தையும் ரகசியமாக இருக்கக் கூடாது. அப்படி ஒருவர் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள், அதில் குரு துரோகம் எதுவும் இல்லை.

இரண்டாம் படி: நாள்

ஆனியிலோ ஆடியிலோ வரும் ஆஷாடப் பௌர்ணமிதான் குரு பூர்ணிமா. வேதங்களை வகுத்த வியாசருக்கு உரிய நாள் என்பதால் வியாச பூர்ணிமா என்றும் பெயர். துறவிகள் ஊர் ஊராகப் போவதை நிறுத்தி, ஓரிடத்தில் தங்கிச் சாதுர்மாஸ்ய விரதம் தொடங்குவது அன்றைக்குத்தான். பௌத்தர்களுக்கும் இதே பௌர்ணமி பெரிய நாள். புத்தர் சாரநாத்தில் கொண்டஞ்ஞர், அஸ்ஸஜி உள்ளிட்ட 5 பேருக்கு முதல் உபதேசம் செய்தது ஆஷாடப் பௌர்ணமியில். மறுநாள் பிக்குகளின் மழைக்கால வாசம் தொடங்கும், மூன்று மாதம் நடக்கும்.

நம் சைவ வழக்கில் குருபூசை நட்சத்திரத்தைப் பார்த்து வரும். அடியார் இறைவனடி சேர்ந்த மாதத்து நட்சத்திரம் அது. அப்பருக்குச் சித்திரைச் சதயம், சம்பந்தருக்கு வைகாசி மூலம், மாணிக்கவாசகருக்கு ஆனி மகம், சுந்தரருக்கு ஆடிச் சுவாதி, பட்டினத்தாருக்கு ஆடி உத்திராடம். உங்கள் குரு மறைந்திருந்தால் அவருடைய மாதமும் நட்சத்திரமும் மடத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரு காகிதத்தில் எழுதிச் சாமி அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: வீட்டில் பூசை

முதல்நாள் மாலையே சாமி அறையைக் கழுவிவிடுங்கள். அன்று காலை பச்சரிசி மாவை அரைத்து நடுவீட்டுக் கோலம் போடுங்கள். ஆத்தங்குடித் தளத்தின் பூ வேலைப்பாட்டுக்கு மேல் வெள்ளை மாவு காய்ந்து எழும்பும்போதே வீட்டுக்கு ஒரு விசேஷக் களை வந்துவிடும். அடுக்குமாடி வீடாக இருந்தால் ஒரு மனைப்பலகையின் மேல் போட்டாலும் போதும்.

பலகையில் வெள்ளைத் துணி விரித்துக் குருவின் படத்தையோ பாதுகையையோ வையுங்கள். இரண்டும் இல்லையென்றால் அவர் சொல்லிக் கொடுத்த புத்தகத்தை வையுங்கள். என்னைக் கேட்டால் புத்தகம்தான் இன்னும் நல்லது. படத்தில் இருப்பது அவர் முகம், புத்தகத்தில் இருப்பது அவர் குரல்.

பூ, பழம், வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாவற்றையும் ஓலைக் கொட்டானில் எடுத்து வையுங்கள். பூவுக்கு மல்லிகை, சாமந்தி போதும். ஆனால் எனக்குப் பிடித்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தாய்லாந்துப் பள்ளிகளில் வருடத் தொடக்கத்தில் ஒரு வியாழக்கிழமையாகப் பார்த்து ஆசிரியர்களை வணங்கும் விழா நடத்துவார்கள். 'வாய் க்ரூ' என்று பெயர். அதில் வரும் 'க்ரூ' நம் 'குரு'தான். பிள்ளைகள் கொண்டுவரும் தட்டில் அருகம்புல், வெட்சிப்பூ, கத்தரிப்பூ இருக்கும். அருகம்புல் போல அறிவு படர வேண்டும், வெட்சி மொட்டின் முனை போலப் புத்தி கூர்மையாக வேண்டும், தலை கவிழ்ந்திருக்கும் கத்தரிப்பூ போலப் பணிவு வேண்டும் என்று அர்த்தம். மூன்றும் நம் வீட்டுக் கொல்லையிலேயே கிடைப்பவை. வெட்சியை இங்கே இட்லிப்பூ என்போம். இதைப் படித்ததிலிருந்து என் கொட்டானிலும் மூன்றையும் ஒரு நூலில் கட்டி வைக்கிறேன். பேரப்பிள்ளைகளைப் பறித்து வரச் சொல்லி, அர்த்தத்தையும் அப்போதே சொல்லிவிடுவேன்.

குத்துவிளக்கை ஏற்றுங்கள். முதலில் பிள்ளையார். பிறகு குருவின் குருவிலிருந்து தொடங்கி, தெரிந்த வரையில் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். திருமூலர் சொன்ன 'செப்பல்' இதுதான். இரண்டு பெயர்தான் தெரியும் என்றால் இரண்டு பெயர். முணுமுணுக்க வேண்டாம், பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குக் காதில் விழ வேண்டும். எனக்குக் குருபரம்பரை தெரிந்ததே அப்பச்சி அப்படிச் சொல்லக் கேட்டுத்தான்.

அப்புறம் சிவபுராணம். 'கோகழி ஆண்ட குருமணிதன் தாள்வாழ்க' என்ற அடி வரும்போது ஒரு பூவை எடுத்துப் பாதத்தில் இடுங்கள். நைவேத்தியத்துக்குக் கவுனி அரிசியோ வெள்ளைப் பணியாரமோ செய்யலாம். குருவுக்குப் பிடித்தது எது என்று தெரிந்தால் அதுவே முதலில். தீபாராதனை காட்டி, எல்லோரும் விழுந்து கும்பிட்டதும் எழுந்து போய்விடாதீர்கள். அவர் நூலிலிருந்து ஒரு பாட்டையோ ஒரு பக்கத்தையோ ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேளுங்கள். படித்து முடித்ததும் பத்து நிமிடம் யாரும் பேசாமல் உட்காருங்கள். தட்சிணாமூர்த்திக்கு அதைவிடப் பொருத்தமான பூசை எனக்குத் தெரியவில்லை.

நான்காம் படி: மடத்துக்குப் போகும்போது

காரைக்குடியைச் சுற்றி மடங்களுக்குக் குறைவில்லை. கோவிலூரில் கொற்றவாளீசுவரர் கோயிலை ஒட்டி வேதாந்த மடம் இருக்கிறது. கோவிலூர் ஆண்டவர் என்று மக்கள் அழைக்கும் முத்துராமலிங்க சுவாமிகள் தொடங்கியது. கைவல்லிய நவநீதம், ஞானவாசிட்டம் போன்ற நூல்களைத் தமிழிலேயே பாடமாகச் சொல்லிக் கொடுத்து வந்த இடம். சமஸ்கிருதம் தெரியாத ஒருவரும் அத்வைதத்தை வரி வரியாகக் கற்கலாம் என்று காட்டிய மடம் அது. குன்றக்குடியில் ஆதீனம் இருக்கிறது. குன்றக்குடி அடிகளார் (1925-1995) திருக்குறளையும் கிராமத் திட்டத்தையும் ஒரே மூச்சில் பேசியவர்.

முன்கூட்டியே போன் செய்து, தரிசனத்துக்கு எந்த நேரம் தோது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை என் அனுபவத்தில் கற்றேன். இளவயதில் ஒரு மடத்துக்கு உச்சிவேளையில் போய் இறங்கினேன். சுவாமிகள் உணவுக்காக நடந்து வந்துகொண்டிருந்தார். எதிரிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டேன். அவர் நகர வழியில்லாமல் நின்றுவிட்டார். அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னைத் தூணோரம் அழைத்துப் போய், "தம்பி, நடக்கும்போதும், சாப்பிடும்போதும், பூசையில் இருக்கும்போதும் விழக் கூடாது. அவங்க உட்கார்ந்து உங்களைப் பார்த்த பிறகு விழுங்க" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவரும் எனக்கு ஒரு குருதான்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பழமோ பூவோ, ஓர் எலுமிச்சம்பழமாவது கொண்டு போங்கள். காணிக்கையைத் துறவியின் கையில் கொடுக்காமல் தட்டில் வையுங்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாண்கிடையாகவும், பெண்கள் முழங்கால் மடித்து நெற்றி தரையில் பட ஐந்து உறுப்பாலும் வணங்குவார்கள். முழங்கால் முடியாதவர்கள் நின்று கைகூப்பினால் போதும், எந்தக் குருவும் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். உட்காரச் சொன்ன பிறகு உட்காருங்கள். முதல் வார்த்தையே ஜாதகமாகவும் பெண் கல்யாணமாகவும் இருக்க வேண்டாம். படித்ததில் புரியாத ஒன்றைக் கேளுங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

திருநீறு தரும்போது இடக்கையின் மேல் வலக்கையை வைத்து, கொஞ்சம் குனிந்து வாங்குங்கள். முகத்தைச் சற்று அண்ணாந்து, கீழே சிந்தாமல் 'சிவாயநம' என்று சொல்லிப் பூசுங்கள். மீதியைத் தூணில் தடவாதீர்கள், ஒரு தாளில் மடித்துக்கொள்ளுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். புறப்படும்போது முதுகைக் காட்டாமல் நாலு அடி பின்னால் நடந்து திரும்புங்கள். மறைந்த குருமார்களின் அதிட்டானம் (சமாதி) இருந்தால் அங்கும் போய், சுற்றி வந்து, சிறிது நேரம் உட்காருங்கள்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் ஆவுடையார்கோயிலுக்குப் போய் வாருங்கள். மாணிக்கவாசகரைக் குருந்த மரத்தடியில் குருவாக வந்து ஆட்கொண்ட திருப்பெருந்துறை அது. கருவறையில் ஆவுடை என்ற பீடம் மட்டும்தான், மேலே லிங்கம் இல்லை. நந்தியும் கொடிமரமும் கிடையாது. சுடச்சுட வடித்த சோற்றைக் கல்மேடையில் கொட்டுவார்கள், எழும் ஆவியே நைவேத்தியம். உருவத்துக்குள் குருவை அடைக்க முடியாது என்பதை அந்த ஆவி மேலே போய்க் கரைவதைப் பார்த்தபோதுதான் நான் உணர்ந்தேன்.

ஐந்தாம் படி: பௌத்த வழியில்

எங்கள் ஐயா பர்மாவில் கடையில் இருந்தவர். இந்த வீட்டுத் தூணெல்லாம் அங்கிருந்து வந்த தேக்கு. அவர் பணம் ஈட்டியதைப் பற்றிப் பேசியது குறைவு, 'தடின்ஜுட்' பற்றிப் பேசியது அதிகம். மழைக்கால வாசம் முடியும் பௌர்ணமியை ஒட்டி, இளையவர்கள் பழமும் மெழுகுவத்தியும் எடுத்துக்கொண்டு பெற்றோர், ஆசிரியர், பெரியவர் வீட்டுக்கெல்லாம் போய் மண்டியிட்டு வணங்குவார்கள். தெரியாமல் செய்த பிழையைப் பொறுக்கும்படியும் கேட்டுக்கொள்வார்கள். "கும்பிடுறது பெரிசில்லப்பா, மன்னிப்புக் கேட்டுட்டுக் கும்பிடுறாக பாரு, அதுதான் பெரிசு" என்பார் ஐயா.

விகாரைக்குப் போனால் காலணியை வெளியே விட்டு, புத்தருக்கும் தம்மத்துக்கும் சங்கத்துக்குமாக மூன்று முறை தரையில் நெற்றி படக் கும்பிடுங்கள். பிக்குவைவிட உயரமான இடத்தில் உட்காராதீர்கள், காலை அவர் பக்கம் நீட்டாதீர்கள். உணவளிப்பதென்றால் காலையிலேயே போய்விடுங்கள், உச்சிப்பொழுதுக்கு மேல் அவர்கள் உண்பதில்லை. தாய்லாந்து, பர்மா வழக்கில் பெண்கள் பொருளை நேரே கையில் தராமல் விரித்த துணியிலோ மேசையிலோ வைப்பார்கள். பணத்தைவிடச் சீவரத் துணி (பிக்குகள் உடுத்தும் துணி), மருந்து, சோப்பு போன்றவை அவர்களுக்கு உதவும்.

சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்னதில் ஆசிரியர்கள் தென்திசை. மாணவன் ஐந்து வகையில் அந்தத் திசையைப் பேண வேண்டும்: எழுந்து வரவேற்பது, அருகிலிருந்து பணி செய்வது, கேட்கும் ஆர்வம், தேவையான உதவி, சொன்னதை மதித்துக் கற்பது. நம் கோயில்களில் தென்முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும் குருவை நினைக்காமல் என்னால் இதைப் படிக்க முடிவதில்லை. புத்தரின் தலைமைச் சீடரான சாரிபுத்தர் பெரிய ஞானியான பிறகும், தமக்கு முதன்முதலில் தம்மத்தைச் சொன்ன அஸ்ஸஜி எந்தத் திசையில் இருக்கிறாரோ அந்தப் பக்கம் வணங்கி, தலையை அந்தப் பக்கமே வைத்துத் தூங்குவாராம். இவர் திசையைக் கும்பிடுகிறார் என்று மற்ற பிக்குகள் குறை சொன்னார்கள். திசையை அல்ல, ஆசிரியரைக் கும்பிடுகிறார் என்று புத்தர் விளக்கினார்.

ஆறாம் படி: தட்சிணை

குருபூசையில் சோறு போடாமல் முடிக்கக் கூடாது. அடியார்களை உட்கார வைத்து, வணங்கி, இலை போடுவதை மாகேசுவர பூசை என்பார்கள். பத்துப் பேருக்கு முடியாவிட்டால் ஒருவருக்கு. மடத்துப் பாடசாலைக்கு அரிசி வாங்கிக் கொடுப்பதும், படிக்கிற ஏழைப் பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தருவதும் இதில் சேரும். உயிரோடு இருக்கும் பழைய வாத்தியார்களை மறக்காதீர்கள். வேட்டியும் பழமுமாக வீட்டுக்கே போய், அவர் சொல்லித் தந்த ஏதாவது ஒன்றை அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். போன வருடம் என் கணக்கு வாத்தியாரிடம் அவர் சொல்லித் தந்த வாய்பாட்டைச் சொன்னேன். காது மந்தமான அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே விரலால் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டார்.

ஏழாம் படி: மறுநாளிலிருந்து

வாடிய பூவைக் குப்பையில் போடாமல் செடியடியில் இடுங்கள். கொட்டானைத் துடைத்து நிழலில் காயவையுங்கள். புத்தகத்தை மட்டும் பலகையிலிருந்து எடுத்துக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள், அலமாரிக்குள் போய்விட வேண்டாம். துறவிகள் சாதுர்மாஸ்யத்தில் ஓரிடத்தில் தங்குவது போல, நீங்கள் ஒரே நூலில் மூன்று மாதம் தங்குங்கள். தினம் ஒரு பாட்டு. காலையில் படித்ததைக் குளிக்கும்போதும், பஸ்ஸில் போகும்போதும் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து மடத்துக்குப் போகும்போது எலுமிச்சம்பழத்தோடு அந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போய், கோடு போட்ட பக்கங்களைப் பிரித்து, ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.